ஒரு 'மே', ஒரு 'ஷல்'

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் தப்பித்துவிடுவது வழக்கம். உண்மையில் கம்ப்யூட்டரைவிட இங்கிலீஷோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. காக்கநாடு இன்ஃபோபார்க்கில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக்காரன் என்ன கேட்கிறான் என்பதைப் புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது, நாம் என்ன செய்து தருவோம் என்பதை அவனுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வேலையில் பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் பிரச்சினை பண்ணாது. அதுக்கெல்லாம் டிக்‌ஷனரி இருக்கிறது. பிரச்சினை பண்ணுவது மூன்றெழுத்து, நாலெழுத்துப் பொடிசுகள்தான். 'ஃப்யூ' என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 'எ ஃப்யூ' என்றால் கொஞ்சம் இருக்கிறது. நடுவில் நிற்கும் அந்த 'எ'யை விட்டுவிட்டால் "ஒண்ணு ரெண்டு சின்னக் கோளாறு இருக்கு" என்று சொல்ல வந்தவன் "கோளாறே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான். அமெரிக்கக்காரன் "யூ மே வான்ட் டு செக் திஸ்" என்று மெயில் போட்டால், 'விருப்பமிருந்தா பாரு' என்று அர்த்தமில்லை. 'உடனே பாரு' என்று அர்த்தம். நியூஜெர்சியில் இருந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயங்களில் இது ஒன்று. (இன்னொன்று, பனியில் கார் ஓட்டுவது. அது கொச்சியில் உதவுவதில்லை!)

இப்படிப்பட்ட பொடிசுகளில் ராஜா என்றால் 'மே'தான். மே மாசம் இல்லை சாமி, வினைச்சொல்லுக்கு முன்னால் வருமே, அந்த 'மே'. அதற்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருப்பது 'ஷல்'. கம்ப்யூட்டர் உலகத்தில் இந்தத் தகராறைத் தீர்க்க 1997 மார்ச்சில் ஒரு ஆவணமே போட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2119 என்று பெயர். 'மஸ்ட்' என்றால் செய்தே ஆகவேண்டும், 'ஷல்' என்றாலும் அதேதான். 'ஷுட்' என்றால் தக்க காரணமிருந்தால் ஒழிய செய்யவேண்டும். 'மே' என்றால் உன் இஷ்டம். இப்படிப் பொருள் வரையறுத்து, இந்தச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுவதை வழக்கமாக்கினார்கள். அப்புறமும் சண்டை தீரவில்லை. சின்ன எழுத்தில் எழுதினால் அந்த அர்த்தம் உண்டா இல்லையா என்று கேள்வி. பெரிய எழுத்தில் இருந்தால் மட்டும்தான் இந்தத் தனி அர்த்தம் என்று 2017இல் இன்னொரு ஆவணம் போட்டார்கள். இருபது வருஷம்!

தமிழில் நமக்கு ஒரே ஒரு 'லாம்' இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்துவிடுவோம். "உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் வாய்ப்பு. "வா, கடைக்குப் போலாம்" என்றால் அழைப்பு. ஆனால் 'இல்லை' என்று திருப்பும்போது தமிழ் கறாராகிவிடும். "வராமல் இருக்கலாம்" வேறு, "வரக் கூடாது" வேறு. கேட்பவருக்குக் குழப்பமே வராது. இங்கிலீஷில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'மே நாட்' போதும். "ஊழியர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மே நாட் வருவார்" என்றால் வராமல் போகக்கூடுமா, வரவே கூடாதா? எழுதினவனைக் கூப்பிட்டுத்தான் கேட்கவேண்டும். அவன் வேலையை விட்டுப் போயிருப்பான்.

மலையாளத்தில் இது இன்னும் வேடிக்கை. இங்கே வந்த புதிதில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது சறுக்குவார்கள். மலையாளி நண்பர் "ஞான் செய்யாம்" என்றால் "நான் செய்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். நம்ம காதுக்கு அது "செய்யலாம்" மாதிரிக் கேட்கும். கோயமுத்தூரிலிருந்து வந்து எங்கள் குழுவில் சேர்ந்த பையன் ஒருத்தன், "செய்யாம் என்னு பறஞ்ஞாரு, செய்வாரோ மாட்டாரோன்னு நானே உக்காந்து முடிச்சுட்டேன்" என்று காலையில் வந்து நின்றான். அந்த மலையாளியும் ராத்திரி கண்விழித்து அதே வேலையை முடித்திருந்தார். ஒரே வேலை இரண்டு தடவை. எதிர்த்திசையிலும் இது நடக்கும். சென்னை ஆபீஸ்காரன் போனில் "பண்ணலாம் சார்" என்று பட்டும்படாமலும் சொன்னதை இங்கே 'ஏத்துக்கிட்டான்' என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரணகளம். இரண்டு பேருமே இங்கிலீஷில் எழுதும்போது 'மே' என்றோ 'கேன்' என்றோதான் எழுதுகிறார்கள். ஒருத்தன் மனசில் இருப்பது வாக்கு, இன்னொருத்தன் மனசில் இருப்பது "பாப்போம்".

சரி, இதெல்லாம் ஆபீஸ் கூத்து. இந்த 'மே'யை வைத்து ஒரு மாநிலமே கொந்தளித்த கதை ஒன்று இருக்கிறது. நம்ம கதைதான். ஆனால் மொழிப் போராட்டம் என்று மொத்தமாகத் தெரிந்துவைத்திருக்கும் நம்மில் பலபேருக்கு, அதில் நடுநாயகமாக நின்றது ஒரு இங்கிலீஷ் துணைவினைச் சொல் என்பது தெரியாது. எங்கள் அப்பா அப்போது சிதம்பரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயசில் எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக் கொடுக்கும்போது 'மே' வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவார். "இந்தச் சொல்லுக்காகச் செத்திருக்காங்கடா" என்பார். எனக்கு ஒன்றும் புரியாது. பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லுங்கப்பா என்று நெளிவேன்.

விஷயம் இதுதான். அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றது. பதினைந்து வருஷத்துக்கு இங்கிலீஷும் தொடரும் என்றது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26இல் முடிகிறது. அப்புறம்? இந்தி பேசாத மக்கள் வேண்டும் என்கிறவரை இங்கிலீஷ் இருக்கும், அந்த முடிவை அவர்கள் கையிலேயே விடுகிறேன் என்று 1959 ஆகஸ்டில் நேரு மக்களவையில் வாக்குறுதி கொடுத்தார். அதைச் சட்டமாக்கத்தான் 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. உள்துறை அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி கொண்டுவந்தார். கெடு முடிந்த பிறகும், இந்தியோடு கூட, இங்கிலீஷும் தொடர்ந்து பயன்படுத்தப்பட... இந்த இடத்தில்தான் அந்தச் சொல். 'ஷல்' என்று போடவில்லை. 'மே' என்று போட்டார்கள். பயன்படுத்தப்படும் என்றில்லை, பயன்படுத்தப்படலாம் என்று. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த தேதி 1963 மே 10. அதுவும் மே!

'மே' என்று இருந்தால் நாளைக்கு வேறொரு அரசு 'மே நாட்' என்று படிக்குமே, 'ஷல்' என்று மாற்றுங்கள் என்று கேட்டார்கள். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த அண்ணா அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். இங்கே 'மே' என்பதற்கு 'ஷல்' என்றுதான் அர்த்தம் என்று நேரு விளக்கம் கொடுத்தார். இந்த இடத்தில் நம்ம தொழில் புத்தி விழித்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்றால் மாற்றிவிட்டுப் போகலாமே? என்ன நஷ்டம்? என் அனுபவத்தில், "அதுவும் இதுவும் ஒண்ணுதான் சார், ஏன் மாத்தணும்?" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அவர்களுக்கு அது இரண்டாகத் தெரிகிறது என்று பொருள்.

நேருவின் நாணயத்தை நான் சந்தேகப்படவில்லை. வாக்குக் கொடுத்தவர் மனசில் 'ஷல்'தான் இருந்திருக்கும். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். 'மே' என்று எழுதியதை 'ஷல்' என்று படித்த தீர்ப்புகளும் உண்டு. அதிகாரத்தோடு கடமையும் ஒட்டிக்கொண்டு வரும் இடங்களில் அப்படிப் படிக்கலாம் என்று 1880இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை பேசியதிலிருந்தே இந்த வாதம் நடக்கிறது. படிக்கலாம். படித்தே தீரவேண்டும் என்றில்லை. அங்கேயும் ஒரு 'லாம்'.

1964 மே 27 அன்று நேரு இறந்துபோனார். விளக்கம் சொன்னவர் போய்விட்டார், சொல் மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது. அதற்கு முன்பே, 1963 நவம்பரில், அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காக அண்ணா சிறைக்குப் போயிருந்தார். 1964 ஜனவரியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தீக்குளித்தார். 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கலவரம் மூண்டு, மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப்போனார். பக்தவத்சலம் முதலமைச்சர். இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படியே சுமார் எழுபது பேர். உண்மையில் அதைவிடப் பலமடங்கு என்று சொல்பவர்கள் உண்டு. அப்பா அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, பஸ் இல்ல, நடந்தே வந்தேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். மறுபடியும் வாய்வார்த்தை.

எழுத்தில் வர மேலும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆயிற்று. 1967இல் அண்ணா முதலமைச்சர். அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 1968 ஜனவரி 8 அன்று அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நான் இதைச் சில வருடங்களுக்கு முன்புதான் முழுசாக உட்கார்ந்து படித்தேன், ஒரு காண்ட்ராக்டைப் படிப்பது மாதிரி பென்சிலோடு. படித்தபோது ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அந்த 'மே'யை எடுக்கவே இல்லை! மூன்றாம் பிரிவின் முதல் வரியில் இன்றைக்கும் 'மே'தான் நிற்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் இங்கிலீஷ் 'ஷல்'. தீர்மானங்கள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள் எல்லாவற்றிலும் இந்தியும் இங்கிலீஷும் இரண்டும் 'ஷல்'. இதையெல்லாம்விடக் கெட்டிக்காரத்தனமான வேலை ஐந்தாவது உட்பிரிவில் இருக்கிறது. இந்த ஏற்பாடு எதுவரை? இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் இங்கிலீஷ் வேண்டாம் என்று தீர்மானம் போடும்வரை, அதன்பிறகு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் தனித்தனியே தீர்மானம் போடும்வரை. 'அன்டில்' ஒன்று, 'ஆல்' ஒன்று. இந்த இரண்டு பொடிசுகளும் சேர்ந்து செய்வதைப் பாருங்கள். ஒரே ஒரு மாநிலம் சும்மா இருந்தால் போதும், எதுவும் நகராது. எதிர்த்துக்கூடப் பேசவேண்டாம். தீர்மானம் போடாமல் இருந்தால் சரி. 'மே' எழுதியபோது முடிவு டெல்லி கையில் இருந்தது. 'ஆல்' எழுதியபோது அது கடைசி மாநிலத்தின் கைக்கு வந்துவிட்டது.

இதிலும் முழு வெற்றி என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தோடு கூடவே வந்த மொழித் தீர்மானத்தைப் பார்த்து நம் மாணவர்கள் மறுபடி கிளம்பினார்கள். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைக்குச் சட்டமன்றத்தில் தனித் தீர்மானம் போட்டார் அண்ணா. அப்புறம் 1976இல் ஆட்சிமொழி விதிகள் வந்தன. அதன் தொடக்கத்திலேயே, இவை இந்தியா முழுமைக்கும் பொருந்தும், 'எக்ஸெப்ட்' தமிழ்நாடு என்று இருக்கிறது. ஊருக்குக் காரில் போகும்போதெல்லாம் வாளையாறு எல்லையில் இது ஞாபகம் வரும். இந்தப் பக்கம் அந்த விதி உண்டு, அந்தப் பக்கம் கிடையாது. நடுவில் இருப்பது ஒரு டோல்கேட்டும் ஒரு 'எக்ஸெப்ட்'டும்.

இதை ஒருநாள் காபி ஹவுஸில் எங்கள் ஆபீஸ் மலையாளி நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ஏ.கே. கோபாலன் படத்தைக் காட்டி, "சாரே, இவரைக் கேளுங்கள், 'டியூ' என்று ஒரு சொல் இல்லாததால் இவர் பட்டதை" என்றார். ஏ.கே.ஜி.யைக் காபித் தொழிலாளர் கூட்டுறவை உண்டாக்கியவராகத்தான் எனக்கு அதுவரை தெரியும். வீட்டுக்கு வந்து படித்தேன். அரசியல் சட்டம் எழுதியபோது 21ஆவது பிரிவில் அமெரிக்க பாணியில் 'டியூ புராசஸ் ஆஃப் லா' என்று போடுவதா, ஜப்பான் அரசியல் சட்டத்தில் இருப்பதுபோல் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று போடுவதா என்று விவாதம். இரண்டாவதைப் போட்டார்கள். 'டியூ' என்றால் நியாயமான, முறையான என்று ஒரு அளவுகோல் உள்ளே வந்துவிடும். அது இல்லையென்றால், சட்டம் என்று ஒன்று இருந்து, அதன்படி நடந்தால் சரி. 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த ஏ.கே.ஜி., 1950இல் தடுப்புக் காவலை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். எம்.கே. நம்பியார் வாதாடினார். எதிர்த்தரப்பு சென்னை மாகாணம், மலபார் அப்போது நம்மோடுதானே இருந்தது. 1950 மே 19இல் தீர்ப்பு. அரசியல் சட்டத்தில் 'டியூ' இல்லை, அதனால் அந்த அளவுகோலும் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஃபசல் அலி மட்டும் அந்தப் பிரிவை அகலமாகப் படித்தார். நடைமுறை நியாயமானதாகவும் இருக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றமே சொல்ல 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம், ஒரு 'டியூ'வுக்கு.

உலகளவிலும் இதே கதைதான். நம்ம திருத்தச் சட்டம் வந்த அதே 1967இல், ஒரு மாதம் முன்னால், நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242ஆவது தீர்மானத்தைப் போட்டது. சமீபத்திய போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படை விலகவேண்டும் என்று. இங்கிலீஷ் வாசகத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் இருப்பதுபோல் படிக்கலாம். 'த' இருந்தால் எல்லாப் பிரதேசமும், இல்லையென்றால் சில பிரதேசம் போதும் என்று வாதம். அறுபது வருஷம் ஆகப்போகிறது, அந்தச் சண்டை முடியவில்லை. தமிழில் 'பிரதேசங்களிலிருந்து' என்று எழுதிவிட்டால் அந்தத் தகராறே கண்ணுக்குத் தெரியாது. 'த' போடுவதற்கு நமக்கு இடமே இல்லை. மலையாளத்துக்கும் இந்திக்கும்கூட அதே கதிதான்.

இந்த 'ஷல்' நமக்குச் சாதகமாக இருக்கும்போது இனிக்கும், அது வேறு விஷயம். கேரளத்தில் 2017இல் வந்த சட்டப்படி பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பேசும்போது இது ஒரு குறையாக வரும். "நம்ம பிள்ளைங்க தமிழை எப்ப படிக்கும்?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் 2006இலேயே நாமும் தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டோமே, கன்னியாகுமரிப் பக்கத்து மலையாளிக்கும் ஓசூர்த் தெலுங்கருக்கும் அது 'ஷல்'தானே என்று கேட்டால் பேச்சு சட்டென்று வெயிலைப் பற்றித் திரும்பிவிடும். என் மகள் மலையாளம் நன்றாகவே படிக்கிறாள். தமிழ் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சலவைத்தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எந்தச் சட்டமும் இல்லாமல் இரண்டு மொழியும் பேசுகிறார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் எங்க ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருத்தனுக்குக் காக்கநாட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். அவன் அப்பா போன் செய்தார். "தம்பி, பதினோரு பக்கம் இருக்கு. எல்லாம் இங்கிலீஷு. கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நீங்க ஒரு கண்ணு பாத்துச் சொல்லுங்க" என்றார். பேங்க் லோன் வாங்கிப் படிக்கவைத்த பையன். அடுத்த மாதத்திலிருந்து தவணை கட்டியாக வேண்டும்.

படித்தேன். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. அப்புறம் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். 'ஷல்' பதினாலு. 'மே' ஒன்பது. யாருக்கு எது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தால் பகீரென்றது. பதினாலு 'ஷல்'லும் பையனுக்கு. ஒன்பது 'மே'யும் கம்பெனிக்கு. ஊழியர் இரண்டு வருஷம் வேலை பார்க்கவேண்டும், ஷல். முன்னால் போனால் இரண்டு லட்சம் கட்டவேண்டும், ஷல். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கவேண்டும், ஷல். ஆறு மாதம் கழித்துக் கம்பெனி அவரை நிரந்தரமாக்க, மே. சம்பளத்தை மறுபரிசீலனை செய்ய, மே. விலகும்போது சான்றிதழ்களைத் திருப்பித்தர... அதுவும் மே! மார்க் ஷீட்டையும் டிகிரியையும் வாங்கி வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்காத சமாச்சாரம். அதைத் திருப்பித் தரலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டம்மா "என்னாச்சு, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டேன். "சண்டை போடாத. மூணே மூணு இடத்துல சொல்லை மாத்தித் தரச் சொல்லிப் பணிவா மெயில் போடு. சான்றிதழ், நிரந்தரம், சம்பளம்." அவனுக்கு உதறல். "அண்ணே, வேலையே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?" பயம் நியாயமானது. லோன் என் பெயரில் இல்லையே, அவன் அப்பா பெயரில் அல்லவா இருந்தது? முடிவை நீயே எடு, எழுதுவதென்றால் நான் உதவுகிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதினான். கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா போனில் அவனிடம் சொன்ன முதல் வாக்கியம்: "இரண்டும் ஒன்றுதானே, எதற்கு மாற்றவேண்டும்?" பையன் நான் சொல்லிக் கொடுத்தபடியே, "ஒன்றுதான் என்றால் மாற்றிவிடுங்கள் மேடம்" என்றான். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லையாம்.

மூன்றில் ஒன்று கிடைத்தது. சான்றிதழைத் திருப்பித் தருவதில் 'மே' போய் 'ஷல்' வந்தது, கூடவே 'பதினைந்து நாட்களுக்குள்' என்றும் போட்டுக் கொடுத்தார்கள். நிரந்தரமும் சம்பளமும் 'மே'யாகவே நின்றன. கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான். இரண்டு வருஷமும் அவனை டிரெய்னி என்றேதான் வைத்திருந்தார்கள், சம்பளம் ஒருமுறை ஆயிரத்து ஐநூறு ஏறியது. கேட்கப் போனால் காகிதத்தைக் காட்டினார்கள். காகிதத்தில் அப்படித்தானே இருந்தது?

இரண்டு வருஷம் முடிந்ததும் விலகினான். அவனோடு சேர்ந்து விலகிய இன்னொரு பையன், பழைய வாசகத்திலேயே கையெழுத்துப் போட்டவன், சான்றிதழுக்காக நாலு மாதம் நடந்தான். நம்மாளுக்குப் பதினாலாவது நாள் கூரியரில் வந்தது. அவன் அப்பா போன் செய்து, "வந்துருச்சு தம்பி, எல்லாம் இருக்கு, எண்ணிப் பாத்துட்டோம்" என்றார்.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். புதுக் கம்பெனியின் ஆஃபர் லெட்டரை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். 'மே' வரும் இடத்திலெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. ஏழு.